சர்க்கரையும் கண்ணழுத்தமும்

(தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூரில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆத்தூர் என்றால் வெற்றிலை. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்களும் அதைச் சொல்கிறார்கள். உங்களுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்பட்டதே இல்லை. எனக்குக் கொடுத்த தலைப்பில் வெற்றிலைக்கு இடம் இல்லை. ஆனாலும் இந்த ஊருக்கு வந்துவிட்டு வெற்றிலைக் கொடிக்காலைத் தொடாமல் போக முடியாது, போகப்போக நீங்களே பார்ப்பீர்கள்.

இன்றைய பேச்சு இதுதான்: சர்க்கரை நோய்க்கும், கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோய்க்கும் என்ன உறவு?

ஏன் இந்தக் கேள்வி? என்னிடம் வருகிறவர்கள் இதை இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். சிலர், "டாக்டரய்யா, எனக்குப் பத்து வருசமா சுகர். கண்ணுல ப்ரஷர் வந்துருமா?" என்கிறார்கள். வேறு சிலர், "கண்ணுல ப்ரஷர்னு எழுதிக் குடுத்துட்டாங்க. எனக்குச் சுகரே கிடையாதே, எப்படி வந்துச்சு?" என்கிறார்கள். முதல் கேள்விக்கு, வரலாம் என்பது பதில். இரண்டாவதற்கு, சுகர் இல்லாமலும் வரும் என்பது பதில். இரண்டும் சரியான பதில்தான். ஆனால் இதோடு நான் சோடா குடித்துவிட்டு உட்கார்ந்தால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். ஏனென்றால் இந்த இரண்டு நோய்க்கும் நடுவே இருப்பது ஒரே உறவு இல்லை. ஒன்று, உலகத்து ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாக வழக்காடிக்கொண்டிருக்கும் உறவு. மற்றொன்று, வழக்கே இல்லாத உறவு. கண்ணைக் கெடுப்பதில் கொஞ்சமும் தயங்காத உறவு.

இரண்டையும் பார்ப்போம். அதற்கு முன்னால் கண்ணுக்குள் கொஞ்சம் போய் வருவோம்.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. அழும்போது வழிகிற கண்ணீர் வேறு, இது வேறு. ஐரிஸ் என்கிற கறுந்திரைக்குப் பின்னால் இது சுரக்கிறது. கண்மணி வழியாக முன்னால் வருகிறது. பிறகு, ஐரிஸும் கார்னியா என்கிற தெளிந்த முன்படலமும் சேருகிற மூலையில் இருக்கும் சல்லடைத் திசு வழியே வடிந்து ரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் பழைய நீர் முழுக்கப் போய்ப் புது நீர் வந்துவிடும்.

கொடிக்கால்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தாமிரபரணி வாய்க்காலிலிருந்து தண்ணீர் வரவும் வேண்டும், வந்த தண்ணீர் தேங்காமல் வடியவும் வேண்டும். வரத்து நின்றால் கொடி வாடும். வடிகால் அடைத்தால் வேர் அழுகும். கண்ணிலும் இதே கணக்குத்தான். வரத்தும் வடிதலும் சமமாக இருந்தால், கண்ணின் உள்ளழுத்தம் பெரும்பாலோருக்கு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும். வடிகால் அடைத்தால் அது ஏறும். ஏறினால் யார் அடிபடுவது? கண்ணுக்குப் பின்னால், பார்த்ததையெல்லாம் மூளைக்குக் கொண்டுபோகிற பார்வை நரம்பு. ஒரு கண்ணுக்குச் சுமார் பத்துப் பன்னிரண்டு லட்சம் இழைகள். அழுத்தத்தில் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். செத்த இழை செத்ததுதான். அதை உயிர்ப்பிக்கிற மருந்து இன்றைக்கு எந்த நாட்டிலும் இல்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். "நான் ப்ரஷருக்கு மாத்திரை சாப்பிடுறேனே, அதுலயே கண் ப்ரஷரும் குறைஞ்சிடாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. குறையாது. கையில் பட்டை கட்டிப் பார்க்கிற ரத்த அழுத்தம் வேறு, கண்ணுக்குள் இருக்கிற நீர் அழுத்தம் வேறு. ஒன்று நன்றாக இருக்கிறது என்பதற்காக மற்றொன்று நன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் 21-க்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. 24, 25 இருந்தும் நரம்பு கெடாதவர்கள் உண்டு. ஆகவே அழுத்தத்தின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு யாரும் தீர்ப்பு எழுத முடியாது. நரம்பையும் பார்க்க வேண்டும்.

வடிகால் அடைபடுவதில் வகைகள் உண்டு. மடை திறந்தே இருந்தும் உள்ளே மெல்ல மெல்லத் தூர்ந்துபோவது ஒரு வகை. அதைத் திறந்த கோணக் கிளாக்கோமா என்கிறோம். மடைவாய் சட்டென்று மூடிக்கொள்வது இன்னொரு வகை. இது வந்தால் மண்டையைப் பிளக்கிற வலி, சிவந்த கண், குமட்டல், வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் எல்லாம் இருக்கும். வாந்தியைப் பார்த்து வயிற்றுக்கோளாறு என்று நினைத்து, சோடா குடித்து, ஓமத்தண்ணீர் குடித்து, இரண்டு நாள் கழித்துக் கண்ணைக் காட்ட வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த இரண்டு நாளில் ஒரு கண் போய்விடலாம்.

ஆனால் எனக்கு அதிகப் பயம் எதில் தெரியுமா? வலி இல்லாத முதல் வகையில்.

இந்தப் பக்கத்துக் கொடிக்கால் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் வந்தார். கண்ணுக்காக வரவில்லை, கண்ணாடிக்காக வந்தார். "எழுத்துத் தெரியுது ஐயா, பேப்பர் படிக்கேன். கொடிக்காலுக்குள்ள போனா மட்டும் இடது பக்கம் அகத்தியில தோள் இடிக்குது. வயசாயிட்டுல்லா" என்றார். பார்வைப் பரப்புச் சோதனைக்கு உட்கார வைத்தோம். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் நேரே பார்க்கச் சொல்வோம். அங்கங்கே சின்ன ஒளிப்புள்ளி தோன்றும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அவர் கொஞ்ச நேரம் அழுத்தினார். பிறகு நிறுத்திவிட்டார். ஒரு நிமிடம் பொறுத்து, முகத்தை எடுக்காமலே கேட்டார்: "லைட்டே வரலியே, மெசின் ரிப்பேராய்ட்டா?"

மெசின் ரிப்பேர் இல்லை. ஒளி வந்துகொண்டுதான் இருந்தது. அச்சான தாளில் இடது கண்ணுக்கு உரிய படத்தில் பாதிக்கு மேல் கறுப்பு. நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. அந்த வெள்ளையை வைத்துக்கொண்டுதான் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை எத்தனை வருடமாக என்று கேட்டேன். பன்னிரண்டு வருடம். மாதாமாதம் ரத்தம் பார்க்கிறார், மாத்திரை தவறுவதில்லை. மருந்து விட்டுக் கண்மணியை விரித்து உள்ளே பார்த்தது எப்போது? ஒருமுறைகூட இல்லை.

இது ஒருவர் கதை. நம் பக்கத்துக் கதை என்ன?

தமிழ்நாட்டின் மூன்று தென்மாவட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுவினர் பரிசோதித்து, 2003-இல் கிளாக்கோமா பற்றிய முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 2.6 பேருக்கு ஏதாவது ஒரு வகைக் கிளாக்கோமா. திறந்த கோண வகை இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை அது இருப்பதே தெரியாது. அதைவிடக் கொடுமை, அவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் குறைந்தது ஒரு கண்ணாவது அதனாலேயே ஏற்கெனவே போயிருந்தது. சென்னை சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வும் இதையே காட்டியது. கிராமத்தில் திறந்த கோண வகை நூற்றுக்கு 1.62, நகரத்தில் 3.51. கிராமத்தில் நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே அதை அறியாதவர்கள்.

சரி, இந்த ஆய்வுகள் சர்க்கரையைப் பற்றி என்ன சொல்லின? இங்கேதான் நீங்கள் எதிர்பார்க்காத செய்தி இருக்கிறது. அரவிந்த் ஆய்வில், திறந்த கோணக் கிளாக்கோமாவோடு சேர்ந்து வந்தவை வயது, ஆணாக இருப்பது, கிட்டப்பார்வை, கண்ணுக்குள் பொருக்குப் படிகிற ஒரு கோளாறு. சர்க்கரை அந்தப் பட்டியலில் இல்லை. சென்னை ஆய்விலும் இல்லை.

அப்படியானால் கதை முடிந்ததா? முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் புளூ மவுண்டன்ஸ் மலைப்பகுதியில் நடந்த ஆய்வு 1997-இல் சொன்னது: சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்கு 5.5 பேருக்குக் கிளாக்கோமா, இல்லாதவர்களில் 2.8 பேருக்கு. கிட்டத்தட்ட இரட்டிப்பு! அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடம் நடந்த ஆய்வும், 2008-இல், உறவு உண்டு என்றது. ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் ஆய்வுதான் வேடிக்கை. 1996-இல் மூன்று மடங்கு என்று சொன்னார்கள். அதே ஊர் மக்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்துவிட்டு 2006-இல் அவர்களே, உறவு எதுவும் தெரியவில்லை என்றார்கள். இதைவிட விநோதம் ஒன்று உண்டு. கண்ணழுத்தம் கூடுதலாக உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று, 2002-இல், சர்க்கரை இருந்தால் கிளாக்கோமா குறைவாக வருகிறது என்பதுபோல ஒரு முடிவைக் காட்டியது! சர்க்கரை காப்பாற்றுகிறதாம்! எப்படி? சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களை முதலிலேயே அந்த ஆய்விலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். மோசமானவர்களை வெளியே நிறுத்திவிட்டு மிச்சமிருப்பவர்களை எண்ணினால் கணக்கு எப்படி வரும்?

ஏன் இந்தக் குழப்பம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காரணம், சர்க்கரை உள்ளவர்கள் ஆஸ்பத்திரிக்கு அதிகம் போகிறார்கள். அதிகம் போகிறவர்களிடம் அதிகம் கண்டுபிடிக்கப்படும். இன்னொன்று, சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறது என்பதைப் பல ஆய்வுகள் கணக்கில் எடுக்கவில்லை. போன மாதம் தெரியவந்த சர்க்கரையும் இருபது வருடச் சர்க்கரையும் ஒன்றா?

2015-இல் ஒரு குழுவினர், அதுவரை வந்த 47 ஆய்வுகளை, 16 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 30 லட்சம் பேரின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கிளாக்கோமா வரும் வாய்ப்பு 48 சதவீதம் கூடுதல். சர்க்கரையோடு வாழும் ஒவ்வொரு வருடத்துக்கும் அது ஐந்து சதவீதம்போலக் கூடுகிறது. 48 சதவீதம் என்றதும் பயந்துவிடாதீர்கள். நூறு பேரில் இரண்டு பேருக்கு வருகிற இடத்தில் மூன்று பேருக்கு வருகிறது, அவ்வளவுதான். கண்ணழுத்தமோ சர்க்கரை உள்ளவர்களிடம் 0.18 மில்லிமீட்டர்தான் கூடுதல். ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் நரம்பு ஏன் கூடுதலாகக் கெடுகிறது? நரம்புக்குச் சோறு போடுகிற மெல்லிய ரத்தக் குழாய்களைச் சர்க்கரை பலவீனப்படுத்துவதால், அதே அழுத்தத்தையும் அந்த நரம்பால் தாங்க முடியவில்லை என்று கருதுகிறார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், திறந்த கோணக் கிளாக்கோமாவைச் சர்க்கரை உண்டாக்குகிறது என்று இந்த மேடையில் நான் சத்தியம் செய்ய மாட்டேன். இருக்கிற ஆபத்தை அது கூட்டுகிறது என்பதை நம்புகிறேன். அவ்வளவுதான் நேர்மையாகச் சொல்ல முடியும்.

இனி, வழக்கே இல்லாத அந்த இரண்டாவது உறவுக்கு வருவோம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், தாய்மார்களே. இன்று நான் வந்ததே இதைச் சொல்லத்தான்.

சர்க்கரை வருடக் கணக்கில் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிகின்றன, அடைகின்றன. அடைந்த இடத்துக்கு ரத்தம் இல்லை, பிராணவாயு இல்லை. மூச்சுத் திணறுகிற விழித்திரை என்ன செய்யும்? புதுக் குழாய்களை முளைக்கச் செய்யும் ஒரு புரதத்தை வெளிவிடும். அதன் நோக்கம் நல்லதுதான். வருகிற குழாய்கள்தான் நல்லவை இல்லை. அவை தரமற்றவை, லேசாகத் தொட்டால் ரத்தம் கசிகிறவை. விழித்திரையில் முளைக்கச் செய்வதோடு அந்தப் புரதம் நிற்பதில்லை. கண்ணின் நீரோடு முன்னால் வந்து ஐரிஸிலும் குழாய்களை முளைக்கச் செய்கிறது. அங்கிருந்து அவை எங்கே படரும்? மூலையில் இருக்கும் அந்த வடிகாலுக்கு. கொடிக்கால் வடிகாலில் கோரை மண்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் தண்ணீர் சுணங்கும். பிறகு வேரோடு வேர் பின்னி, வாய் முழுக்க மூடிவிடும். கண்ணிலும் அதுதான் நடக்கிறது. அழுத்தம் 40, 50 என்று ஏறுகிறது. கண் சிவக்கிறது, வலி உயிரை எடுக்கிறது, பார்வை போகிறது. புதுக்குழாய்க் கிளாக்கோமா என்று இதற்குப் பெயர். இதைக் கொண்டுவருகிற முக்கியக் காரணங்களில் சர்க்கரை ஒன்று. விழித்திரையின் பெரிய ரத்தநாளம் அடைத்துக்கொள்வது மற்றொன்று. அந்த அடைப்பும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களைத்தான் அதிகம் தேடி வருகிறது.

இந்த நிலைக்கு வந்தவரை நான் எப்படிப் பார்க்கிறேன் தெரியுமா? ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார். "பார்வைகூட வேண்டாம் டாக்டரய்யா, வலியை மட்டும் நிறுத்துங்க" என்பார். பார்வை வேண்டாம் என்று ஒரு மனிதன் சொல்லும்படி செய்கிற நோய் இது!

இதற்குச் சிகிச்சை உண்டு. விழித்திரைக்கு லேசர் வைத்து அந்தப் புரதத்தின் ஊற்றை அடக்குகிறோம். அந்தப் புரதத்தை முடக்கும் ஊசியைக் கண்ணுக்குள் போடுகிறோம். சொட்டு மருந்துக்கு அடங்காவிட்டால் அறுவை செய்து, நீரை வெளியே வடிக்க ஒரு சின்னக் குழாய் வைக்கிறோம். அதில் ஒரு வகைக் குழாயை மதுரை அரோலேப் நிறுவனமே குறைந்த விலையில் தயாரிக்கிறது என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் ஐயா, இதெல்லாம் வெள்ளம் வந்த பிறகு மணல் மூட்டை அடுக்குகிற வேலை. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது தாமிரபரணிக் கரையில் இருந்த நீங்கள் அறியாததா?

முளைப்பதற்கு முன்னால் தடுக்க முடியுமா? முடியும். இந்த உறவில் நல்ல செய்தி அதுதான். 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, டைப் 1 என்கிற முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்களில் ரத்தச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை நோய் புதிதாக வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. வந்தபிறகும், உரிய நேரத்தில் லேசர் வைத்தால் பெரும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் தடுக்கலாம் என்பது 1976 முதலே தெரிந்த செய்தி. உரிய நேரம் எது? உங்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாத நேரம். பார்வை 6/6 இருக்கிற நேரம்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த கோ. வெங்கடசாமி என்ற டாக்டர், முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன நிலையிலும் லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவரைப் போன்றவர்கள் ஊர் ஊராக முகாம் நடத்தியதில், கண்புரையால் குருடாகிக் கிடந்த நம் பாட்டன் பாட்டிமார் எழுந்து நடந்தார்கள். அது சாதாரணக் காரியமா? நான் அதற்குத் தலை வணங்குகிறேன்.

ஆனால் அந்த வெற்றி நம் மனத்தில் ஒரு பழக்கத்தையும் விட்டுப்போயிருக்கிறது. என்ன பழக்கம்? காத்திருக்கும் பழக்கம். "கண்ணு மங்கினா மங்கட்டும், புரை முத்தட்டும், கேம்ப் போட்டா ஆபரேசன் பண்ணிக்கிடலாம்." கண்புரைக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஓடியது. போன பார்வை திரும்பியது. கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. சர்க்கரையால் செத்த விழித்திரை திரும்பாது. உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களைக் கேளுங்கள், "வெள்ளை உப்புல வெயில் அடிக்குது, அதான் மங்குது" என்பார்கள். கண் கூசுவதற்கு உப்பளம் காரணம்தான். அந்தக் காரணத்தின் பின்னால் எத்தனை கிளாக்கோமா ஒளிந்திருக்கிறது என்று பார்க்காமல் எப்படித் தெரியும்? கண்புரையையும் முற்ற விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புரை சீக்கிரம் வருகிறது. அளவுக்கு மீறி முற்றி ஊதிய புரையே வடிகாலை நெருக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும்.

சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி சாப்பிடலாமா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். உடன்குடிப் பக்கத்துக்காரர்களாகிய உங்களிடம் கருப்பட்டியைக் குறை சொல்லிவிட்டு நான் பத்திரமாகத் தூத்துக்குடி போய்ச் சேர வேண்டும். மணத்திலும் ருசியிலும் அதற்கு ஈடில்லை. ஆனால் சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டிக் காப்பியும் இனிப்புக் காப்பிதான். உடம்பு அதைச் சர்க்கரையாகத்தான் எண்ணும்.

இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கிளாக்கோமாவுக்கு டிமோலால் என்று ஒரு சொட்டு மருந்து, விலை குறைவு, நன்றாக வேலை செய்யும். ஆனால் சர்க்கரை சட்டென்று இறங்கும்போது வருகிற படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடக்கூடும். காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டினால் அதையே அடையாளமாக வைத்துக்கொண்டு உடனே சர்க்கரையைப் பாருங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் கண் டாக்டரிடம் அதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அவர் கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தில் கண்ணின் உள்மூலையை ஒன்றிரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் மருந்து உடம்புக்குள் போவது குறையும். சர்க்கரையால் விரல் மரத்துப்போனவர்கள் பாட்டிலை அழுத்த முடியாமல் பாதியைக் கன்னத்தில் விடுகிறார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, பேரப்பிள்ளையை விடச் சொல்லுங்கள்.

அப்புறம், கண் சிவந்தது, அரித்தது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுகிற சொட்டு. அதில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது சிலருக்குக் கண்ணழுத்தத்தைச் சத்தமில்லாமல் ஏற்றும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மேலும் கூடுதல். சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். கடைக்காரத் தம்பிகள் இங்கே இருந்தால், கொடுக்காதீர்கள்.

சொட்டு மருந்து விட்டால் பார்வை கூடவில்லையே என்று நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அந்தச் சொட்டு பார்வையைக் கூட்டுவதற்கில்லை. மிச்சமிருப்பதைக் காப்பதற்கு. அது வேலை செய்கிறது என்பதற்கு, எந்த மாற்றமும் இல்லை என்பதே சாட்சி. இந்த ஒன்றைப் புரியவைக்க முடிந்தால் என் பாதி வேலை முடிந்தது.

ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நாடு முழுதும் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14.4 பேருக்குச் சர்க்கரை. இந்த அரங்கில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்லப்போவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை உங்கள் வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம், எனக்கு அதில் மகிழ்ச்சி. மாத்திரை வாசலுக்கு வரும். கண் பரிசோதனைக்கு நாம்தான் போக வேண்டும்.

போனால் என்ன கேட்பது? சுவரில் எழுத்துப் படிக்க வைத்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்தால் பரிசோதனை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். "கண்ணழுத்தம் பார்த்தீர்களா? மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்த்தீர்களா? பார்வை நரம்பு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படாதீர்கள். கோபித்தால் வேறு டாக்டரிடம் போங்கள். சர்க்கரை என்று தெரிந்த உடனே ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை. விழித்திரையில் ஏதாவது தெரிந்தால் டாக்டர் சொல்கிற கணக்குப்படி. சர்க்கரையும் இருந்து, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று யாருக்காவது கிளாக்கோமாவும் இருந்தால் ஒரு வருடம்கூடத் தவறவிடக் கூடாது. இன்னொரு சின்ன விஷயம்: சர்க்கரை தாறுமாறாக இருக்கும்போது கண்ணாடிப் பவர் மாறி மாறிக் காட்டும். அது கட்டுக்கு வந்தபின் புதுக் கண்ணாடி வாங்குங்கள்.

சர்க்கரைக்கும் கிளாக்கோமாவுக்கும் உள்ள முதல் உறவை ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வழக்காடட்டும். அவர்கள் வழக்கு முடியும்வரை நாம் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரே நாற்காலியில், ஒரே உட்காரலில், ஒரே டாக்டர் இரண்டையும் பார்த்துவிட முடியும். சர்க்கரைக்காக விழித்திரையைப் பார்க்கப் போன இடத்தில் பார்வை நரம்பும் கண்ணில் படும். அந்தக் கொடிக்கால் அண்ணாச்சிக்குப் பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறை அப்படி நடந்திருந்தால் போதும்.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் அரவிந்த் இருக்கிறது, அங்கே போங்கள். தனியார் டாக்டரிடம் போங்கள். எங்கே வேண்டுமானாலும் போங்கள், ஆனால் இந்த மாதமே போங்கள். போகும்போது பழைய சீட்டுகளையும், சாப்பிடுகிற மாத்திரைகளையும், விடுகிற சொட்டு பாட்டில்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கண்ணை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் வெயில் கூசும், எழுத்து மங்கும். ஆகவே பைக்கை வீட்டில் விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போங்கள்.